எட்டுத் திருகுகள்

படுக்கை இலவசம் என்றார்கள்.
மயக்க ஊசி இலவசம், மருத்துவர் இலவசம்,
மதியம் கொடுக்கும் தண்ணீர்க் கஞ்சிகூட.
இரும்பை மட்டும் வெளியில் வாங்கி வரவேண்டும்.
ஒரு தகடு, எட்டுத் திருகு.
மூவாயிரத்து எண்ணூறு சோல்.
கடையின் பெயரையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

எவரிஸ்தோ சுல்கா சரிவில் விழுந்தது
மே மாதம், பாதி அறுவடையில்.
முதுகில் உருளைக்கிழங்கு மூட்டை.
மூட்டை அவிழவில்லை,
தொடை எலும்புதான் இரண்டாயிற்று.
அயகூச்சோ ஆஸ்பத்திரியில்
காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்,
தராசில் ஏற்றிய சரக்கைப் போல.
பார்க்கப் போன என்னிடம் அவன் கேட்டது:
"வடக்கு ஓரத்துக் கிழங்கை எடுத்தாயிற்றா?"

எடுத்தாயிற்று.
அதில் பேச ஒன்றுமில்லை. அய்னி என்போம் அதை:
இன்று உன் வயலில் என் முதுகு,
நாளை என் வயலில் உன் முதுகு.
ஆனால் திருகு விற்கும் கடைக்காரன்
முதுகை வாங்கிக்கொள்வதில்லை.

ஆகவே, கோழி.
யாருக்கு நோய் வந்தாலும் நாங்கள் கோழி பொரிப்போம்,
பொயாதா என்று அதற்குப் பெயர்.
மஞ்சள் தாளில் இருநூற்று அறுபது டிக்கெட்,
தட்டு பதினைந்து சோல்.
அச்சகத்தான் சுல்காவைச் சுலாகா ஆக்கிவிட்டான்.
திருத்தக் காசு கேட்டான்; விட்டுவிட்டோம்.
நான் வேன் ஓட்டுகிறவன்.
மீதிச் சில்லறைக்குப் பதில் டிக்கெட் நீட்டினேன்.
இறங்கிப் போய்த் திட்டியவர்களும் உண்டு.

பணப்பெட்டி ப்ரூதென்சியோவிடம்.
ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில் முதல் வரிசை,
மதுவை மோந்துகூடப் பார்க்காதவன்.
"பீர் கூடாது" என்றான்.
மரினா நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள்:
கோழிக்கு, எண்ணெய்க்கு, சீரகத்துக்குப் போக
கோழியில் நிற்பது தகடு மட்டும்.
திருகெல்லாம் பீரில்தான் இருக்கிறது.
நெடுநேரம் நோட்டையே பார்த்தான்.
பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு,
பீர்ப் பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.
காசை மட்டும்
தோளுக்கு மேலாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டான்,
மாலைவரை, ஒரு சோல் பிசகாமல்.

அரை பீப்பாயில் எண்ணெய் கொதித்தது.
மிளகாய் விழுதில் இரவெல்லாம் ஊறிய கோழி
சிவந்து சிவந்து மேலே வந்தது.
ஆலங்கட்டி விழுந்தது; தார்ப்பாயின் அடியில் நெருக்கியடித்தோம்.
நில வழக்கில் எவரிஸ்தோவோடு
நான்கு வருஷமாகப் பேசாத கிஸ்பெகள் வந்தார்கள்,
ஆறு தட்டு கட்டி வாங்கினார்கள்,
வழக்கு நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.
ஒலிபெருக்கி இரண்டு முறை செத்தது.
யாரோ ஆடி விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்டான்;
"உனக்குத் தனியாகக் கோழி பொரிக்க முடியாது" என்றாள் மரினா.

அறுவை முடிந்து
எக்ஸ்ரே தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்தோம்.
எலும்போரமாக ஒரு வெள்ளைக் கோடு,
அதில் எட்டுப் பல்.
மேலிருந்து மூன்றாவது என் வேன் என்றேன்.
அது எங்கள் ஆறு தட்டு என்றான்
வழக்கு போட்ட கிஸ்பே.
கீழே இருக்கும் மூன்றும் பீர் என்பதில்
யாருக்கும் சந்தேகம் இல்லை.
எவரிஸ்தோ சிரிக்கவில்லை.
டிக்கெட் வாங்கியவர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கி
மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.
இருநூற்றுச் சொச்சம் பெயர்.
ஒரு முதுகுக்கு அது எத்தனை வருஷம் என்று
நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

இப்போது ஊன்றுகோலோடு வரப்பில் நிற்கிறான்.
மழைக்கு முந்தின நாள் கால் குடைகிறதாம்.
வானொலியைவிட அவன் தொடை தேவலை என்று
விதைப்புக்கு முன் கேட்டுப் போகிறார்கள்.
நேற்று ப்ரூதென்சியோவும் கேட்டான்,
குரலைத் தாழ்த்தி:
"வலிப்பது எது, கீழே இருக்கும் மூன்றா?"

கடைக்கு இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து சோல் பாக்கி.
என் வேனில், சூரியத் தடுப்புக்குப் பின்னால்,
காசு வராத டிக்கெட் பதின்மூன்று.
யார் யார் என்று எனக்குத் தெரியும்.
தினமும் ஏறுகிறார்கள், பின் இருக்கைக்குப் போகிறார்கள்,
ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள்.